வெள்ளை டின்னர் ஜாக்கெட்: சினிமா உளவாளிக்கு அது எப்போது பொருந்தும்?

இரவு நேரம். துறைமுகத் தண்ணீரில் ஒரு கடற்பறவை மிதந்து வருகிறது. கரையை நெருங்கிய பிறகுதான் அது பொம்மைப் பறவை, அதற்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிகிறது. உடம்பை ஒட்டிய ரப்பர் உடையோடு மேலே ஏறுகிறான். கொக்கி கட்டிய கயிற்றை வீசி மதிலைத் தாண்டுகிறான். காவலாளியை அடித்துப் போட்டுவிட்டு, ஒரு ராட்சதத் தொட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கும் போதைப்பொருள் கூடத்தில் வெடிமருந்தை அப்பி, நேரத்தைக் குறித்துவிட்டு வெளியே வருகிறான். அப்புறம் ரப்பர் உடையின் ஜிப்பை இழுக்கிறான். உள்ளே வெள்ளை டின்னர் ஜாக்கெட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல முடிச்சிட்ட கறுப்பு போ டை. ஒரு சிவப்பு கார்னேஷன் பூவை எடுத்துக் கோட்டு மடிப்பில் செருகிக்கொள்கிறான். நேராக மதுக்கூடத்துக்குப் போகிறான். சிகரெட் பற்றவைக்கிறான், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். வெளியே வெடிக்கிறது. கூடத்தில் இருப்பவர்கள் அலறியடித்து ஓடுகிறார்கள். அவன் மட்டும் அசையவில்லை.

1964-இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் தொடக்கம் இது. ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி. உளவாளி என்றால் வெள்ளைக் கோட்டு என்ற எண்ணம் பலர் மனதில் பதிந்ததற்கு இந்தச் சில நிமிடங்கள்தான் பெரிய காரணம். ஆனால் பாண்ட் படங்களை வரிசையாகப் பார்த்தால் வெள்ளை ஜாக்கெட் அபூர்வமாகத்தான் வருகிறது. பெரும்பாலான இரவுகளில் அவன் கறுப்பிலோ, கறுப்பு போலவே தெரியும் அடர்நீலத்திலோதான் இருக்கிறான். அப்படியானால் எந்த இரவுக்கு வெள்ளை? அதற்கு ஒரு முறை இருக்கிறது. தெரிந்துகொண்டால், ஒரு காட்சியில் உடை எதற்காக அப்படி இருக்கிறது என்று நாமே சொல்லிவிடலாம்.

முதலில் டின்னர் ஜாக்கெட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆபீசுக்குப் போடும் கோட்டு சூட்டும் இதுவும் ஒன்றில்லை. இது மாலை விருந்துக்கென்றே பிறந்த உடை. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு, 1865-இல் லண்டன் சாவில் ரோவின் ஹென்றி பூல் தையலகம் தைத்துக் கொடுத்த ஒரு குட்டைக் கோட்டைத்தான் இதன் முன்னோடி என்பார்கள். அதுவரை மாலை விருந்தென்றால் பின்பக்கம் வால் போல நீண்ட கோட்டுதான். வாலை வெட்டியதும் உடை இலகுவானது. 1886 வாக்கில் நியூயார்க் அருகே உள்ள டக்ஸீடோ பார்க் என்ற இடத்தில் அமெரிக்கச் செல்வந்தர்கள் இதைப் போட ஆரம்பித்தார்கள். அதனால் அங்கே இதற்கு டக்ஸீடோ என்று பெயர் வந்துவிட்டது. கறுப்புக் கோட்டு, பட்டு மினுக்கும் மார்பு மடிப்பு, பக்கவாட்டில் பட்டுப் பட்டை ஓடும் கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. இதுதான் அடிப்படை.

வெள்ளை அதற்கப்புறம் வந்தது, வெயிலால் வந்தது. உல்லாசக் கப்பல்கள், ஃபுளோரிடாவின் பாம் பீச், தெற்கு பிரான்சின் கடற்கரை, வெப்பமண்டலக் காலனி நாடுகள் என்று பணக்காரர்கள் புழுக்கமான இடங்களில் மாலை விருந்து நடத்தினார்கள். அங்கே கனமான கறுப்புக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. 1930களில் லேசான துணியில் வெளிர்நிறக் கோட்டு அங்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. மாறியது கோட்டு மட்டும்தான். கால்சட்டை கறுப்பாகவே நின்றது, போ டை கறுப்பாகவே நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஜாக்கெட்டுக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டால் அது வேறு உடை ஆகிவிடும்.

இடுப்பில் கட்டும் அகலமான பட்டுப் பட்டைக்கு ‘கம்மர்பண்ட்’ என்று பெயர். இது இந்தியாவிலிருந்து போன சொல். கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. இங்கே இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள், புழுக்கத்தில் வெயிஸ்ட்கோட் போட முடியாமல் இந்தக் கட்டை எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க இன்று கறுப்பு டை விருந்துகளில் கட்டப்படும் அந்தப் பட்டை, நம் பக்கத்து வெயிலைச் சமாளிக்க வந்ததுதான். வெள்ளை ஜாக்கெட்டோடு அது நன்றாகச் சேர்வதில் வியப்பில்லை. இரண்டுமே வெயில் ஊர்ப் பிள்ளைகள்.

வெள்ளை என்று சொல்கிறோமே, நல்ல வெள்ளை ஜாக்கெட் உண்மையில் வெள்ளையாக இருக்காது. நம் வீட்டு அலமாரியிலேயே இதைப் பார்க்கலாம். புதுப் பருத்தி வேட்டியையும் பட்டு வேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். பருத்தி வேட்டி நீலம் போட்டு வெளுத்த வெள்ளை. பட்டு வேட்டி சந்தனம் ஒரு துளி கலந்தது போல இருக்கும். டின்னர் ஜாக்கெட் அந்தப் பட்டு வேட்டி நிறத்தில்தான் இருக்க வேண்டும். தந்த நிறம் என்று சொல்வது இதைத்தான். உள்ளே போடும் சட்டைதான் பளீர் வெள்ளை. கோட்டும் அதே பளீர் வெள்ளையானால் சட்டை எங்கே முடிகிறது, கோட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சட்டை அழுக்காகிவிட்டது போலக்கூடத் தோன்றும். படப்பிடிப்பு விளக்குக்குக் கீழே இன்னும் மோசம். பளீர் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், துணியின் மடிப்பும் நெளிவும் காணாமல் போகும். தந்த நிறத்தில் அந்த விவரமெல்லாம் தெரியும், முகத்துக்கும் ஒரு வெதுவெதுப்பு கிடைக்கும்.

இன்னொரு விவரம் மார்பு மடிப்பில் இருக்கிறது. லேப்பல் என்கிறார்களே, அதுதான். கறுப்பு ஜாக்கெட்டில் அதன் மேல் பட்டுத் துணி பளபளக்கும். வெள்ளை ஜாக்கெட்டில் மரபுப்படி பட்டு வைப்பதில்லை. கோட்டுத் துணியையே மடித்துத் தைத்துவிடுவார்கள். வெள்ளைக் கோட்டுக்குக் கறுப்புப் பட்டு லேப்பல் வைத்த உடைகளை இன்று வாடகைக் கடைகளில் நிறையப் பார்க்கலாம். என் கண்ணுக்கு அது மேடைக் கச்சேரிக்காரர் உடை. ‘கோல்ட்ஃபிங்கர்’ ஜாக்கெட்டைப் பாருங்கள். ஒரே பொத்தான். நுனி தோளை நோக்கிக் கூர்மையாக ஏறும் லேப்பல், அதுவும் அதே துணியில். தைத்தவர் லண்டன் கண்டூட் தெருவில் கடை வைத்திருந்த அந்தோனி சின்க்ளேர். முதல் பாண்ட் படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங் தன்னுடைய சொந்தத் தையற்காரரான அவரிடம்தான் கானரியை அழைத்துப் போனார். அந்த ஜாக்கெட்டில் கறுப்பு போ டை, கறுப்புக் கால்சட்டை, சிவப்புப் பூ தவிர வேறு எதுவும் கண்ணை இழுக்காது. மூன்றே நிறங்கள். இருட்டான துறைமுகத்தில் அந்த மூன்றும் எப்படி எடுபடுகின்றன என்பதை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் புரியும்.

சரி, எப்போது போடுவது? பிரிட்டிஷ் வழக்கம் கறாரானது. வெப்ப நாடுகளிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் கப்பலிலும் போடலாம். இங்கிலாந்துக்குள் கோடையாக இருந்தாலும் கறுப்புதான். அமெரிக்க வழக்கம் கொஞ்சம் நெகிழ்ந்தது. அங்கே மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாளிலிருந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினம் வரைக்கும் நியூயார்க்கிலேயே வெள்ளை போடலாம். ஒருவர் இடத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் மாதத்தைப் பார்க்கிறார். இரண்டிலும் அடியில் இருப்பது வெயில்தான். நேரமும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் எந்த டின்னர் ஜாக்கெட்டும்.

பாண்ட் பிரிட்டிஷ்காரன். அவன் எந்த ஊரில் வெள்ளை போடுகிறான் என்று பார்த்தாலே பிரிட்டிஷ் வழக்கம் தெரிந்துவிடும். 1962-இல் ‘டாக்டர் நோ’ படத்தில் நாம் அவனை முதன்முதலாகப் பார்ப்பது லண்டன் சூதாட்டக் கிளப்பில். அங்கே அடர்நீல ஜாக்கெட். ‘கோல்ட்ஃபிங்கர்’ தொடக்கம் லத்தீன் அமெரிக்கா, அங்கே வெள்ளை. 1971-இல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் பாலைவன நகரமான லாஸ் வேகஸின் சூதாட்டக் கூடம், கானரி மறுபடி வெள்ளையில். 1974-இல் ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில் பாங்காக், கானரிக்குப் பின் பாண்டாக நடித்த ரோஜர் மூர் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த வெள்ளை ஜாக்கெட்டில். எழுபதுகளின் அகலமான லேப்பல் அதில் தெரியும். 1983-இல் ‘ஆக்டோபுஸ்ஸி’ படத்தில் உதய்ப்பூர், மூர் மறுபடி தந்த நிறத்தில். நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் மூரோடு சேர்ந்து நடித்தது இந்தப் படத்தில்தான். ஏரி, சலவைக்கல் அரண்மனை, புழுக்கமான இரவு. வெள்ளை ஜாக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி பாண்ட் படங்களில் இல்லை என்பேன். சுவரே வெள்ளையாக இருக்கிற ஊரில் அந்த உடை ஊரோடு சேர்ந்துகொள்கிறது.

1985-இல் ‘எ வியூ டு எ கில்’ படத்தில் மட்டும் ஒரு சிக்கல். வில்லன் ஸோரின் நடத்தும் தோட்ட விருந்துக்கு மூர் வெள்ளை ஜாக்கெட்டில் போகிறார். இடம் பாரிசுக்கு வடக்கே ஷாந்தியி கோட்டை. அது வெப்ப நாடும் இல்லை, கடலோரமும் இல்லை. பழைய பிரிட்டிஷ்காரர் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் திறந்தவெளி விருந்து, விளக்கு அலங்காரம் செய்த தோட்டம். எனக்கு அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. அதே கோட்டையின் உள்ளே, மரப் பலகை பதித்த கூடத்தில் அந்த ஜாக்கெட்டோடு நின்றிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். தலைக்கு மேல் கூரை இருக்கிறதா வானம் இருக்கிறதா என்பது அவ்வளவு முக்கியம்.

இதிலிருந்து, வெயில் ஊர் என்றால் வெள்ளைதான் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. வெயில் வெள்ளைக்கு அனுமதி தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. 1965-இன் ‘தண்டர்பால்’ நடப்பது பஹாமாஸ் தீவுகளில். வெள்ளைக்கென்றே இருக்கிற இடம். ஆனால் நாசோவின் சீட்டாட்ட மேசையில் கானரி கருநிற ஜாக்கெட்டில் இருக்கிறார், எதிரே வில்லன் லார்கோ வெள்ளையில் இருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த உடைத் தேர்வுகளில் இது ஒன்று. லார்கோ அந்தத் தீவில் மாளிகையும் கப்பலும் வைத்துக்கொண்டு வாழ்கிறவன். அது அவன் இடம். வெள்ளை போட்டிருப்பவன் அந்த ஊரில் ஊன்றியவன், கறுப்பில் வந்திருப்பவன் அவனைத் தேடி வெளியூரிலிருந்து வந்தவன் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. 1977-இன் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்தில் கெய்ரோ இரவிலும் மூர் அடர்நிற ஜாக்கெட்டில்தான் இருக்கிறார். அன்றிரவு சண்டை, வேனில் பயணம், விடிந்ததும் அதே உடையில் பாலைவன நடை. வெள்ளையாக இருந்திருந்தால் முதல் அடியிலேயே உடை பாழாகி, மிச்சக் காட்சி முழுக்க நம் கண் கறையிலேயே நின்றிருக்கும்.

கறைதான் வெள்ளை ஜாக்கெட்டின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். கறுப்புக் கோட்டு எதையும் மறைத்துவிடும். மது சிந்தினாலும் தெரியாது, ரத்தம் பட்டாலும் சட்டென்று தெரியாது. வெள்ளை எதையும் மறைக்காது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு மழைக்காலத்தில் பஸ் ஏறியவருக்கு இந்தக் கவலை தெரியும். சேறு தெறிக்காமல் வீடு போய்ச் சேர்வதே ஒரு சாதனை. அப்படிப்பட்ட ஒரு உடையை, உலகத்திலேயே அதிகம் அடிதடியில் மாட்டுகிற ஓர் ஆள் தெரிந்தே போடுகிறான். போட்டுக்கொண்டு ஒரு பொட்டுக் கறையும் இல்லாமல் நிற்கிறான். ‘கோல்ட்ஃபிங்கர்’ தொடக்கத்தில் அந்தத் தூய்மைக்கு ஒரு வேலையும் இருக்கிறது. தண்ணீரில் நீந்தி, மதில் ஏறி, வெடி வைத்தவன் எவனோ, அவன் நிச்சயம் இந்த வெள்ளைக் கோட்டுக்காரன் இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் அங்கே இல்லவே இல்லை என்பதற்கு அந்தக் கோட்டே சாட்சி.

இது சினிமாக்காரர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் இதே காரியம் நிஜமாக நடந்திருக்கிறது. 1941 நவம்பரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் பீட்டர் டாசெலார் என்ற டச்சு உளவாளி பிரிட்டனிலிருந்து படகில் வந்து இறங்கினார். மேலே தண்ணீர் புகாத ரப்பர் உடை, உள்ளே விருந்து உடை. கரையேறியதும் கூட வந்தவர்கள் ரப்பர் உடையைக் கழற்றினார்கள். விருந்தில் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவர் போல வாடை வர வேண்டும் என்று அவர் மேல் பிராந்தியும் தெளித்தார்கள். பக்கத்திலேயே ஜெர்மானியர் இருந்த ஹோட்டல். அவர் காவலைத் தாண்டிப் போய்விட்டார். உளவாளிக்கு உடை என்பது அழகுக்கு முன்னால் ஒரு பொய். நான் இந்த இடத்துக்குரியவன்தான், என்னைக் கேள்வி கேட்காதே என்று சொல்கிற பொய். நவம்பர் குளிரில் வட கடலோரத்தில் வெள்ளை ஜாக்கெட்டோடு ஒருவர் வந்திருந்தால் அந்தப் பொய் எடுபட்டிருக்காது. வெப்பமான துறைமுக மதுக்கூடத்தில் எடுபடும். அதனால்தான் இடம் இவ்வளவு முக்கியமாகிறது. ஊருக்குப் பொருந்தாத வெள்ளை உளவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டத்தில் மறைந்து நிற்க வேண்டிய காட்சிக்கும் வெள்ளை ஆகாது. இருட்டான தெரு, பின்தொடரும் வேலை, கூரைமேல் ஓட்டம் என்றால் நூறு அடிக்கு அப்பாலிருந்தே அது கண்ணில் படும். எல்லோரும் பார்க்கட்டும், பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாது என்கிற நம்பிக்கையோடு அவன் நடந்து வர வேண்டிய காட்சிக்குத்தான் வெள்ளை. சீட்டாட்ட மேசை, விருந்து, மதுக்கூடம். இப்படி வெளிப்படையாக நின்றுகொண்டு உளவு பார்ப்பவன்தான் பாண்ட்.

வெள்ளை ஜாக்கெட்டில் நிற்பவன் அந்த இடத்தின் சொந்தக்காரன் என்ற எண்ணத்தைத் திரையில் ஆழமாக ஊன்றியவர் உளவாளியாக நடித்தவர் இல்லை. 1942-இன் ‘காஸாபிளாங்கா’வில் மதுக்கூட முதலாளி ரிக்காக வரும் ஹம்ஃப்ரி போகார்ட்தான். வளைந்து இறங்கும் ஷால் காலர் வைத்த, இரட்டை வரிசைப் பொத்தான் ஜாக்கெட். கதை நடப்பது டிசம்பர் மாதத்தில், மொராக்கோவில். டிசம்பரில் காஸாபிளாங்காவில் அப்படியொன்றும் வெயில் கொளுத்தாது. ஆனாலும் அந்த உடையைப் பார்த்ததுமே அமெரிக்க ரசிகருக்கு இது தொலைதூரத்து வெப்ப நாடு என்பது மனதில் ஏறிவிட்டது. படம் கறுப்பு வெள்ளை என்பதால் அந்த ஜாக்கெட் இன்னும் தனித்துத் தெரியும். புகை மண்டிய கூடத்தில் கண் தானாகப் போகிற இடம் அதுதான்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். பல ஹோட்டல்களில் பரிமாறுகிறவர்களின் சீருடையும் வெள்ளைக் கோட்டுதான். தையல் கொஞ்சம் தவறினாலும் உளவாளி பரிமாறுகிறவராகத் தெரிந்துவிடுவான். இந்த இடத்தில்தான் தோள் தையலும் கூர்மையான லேப்பலும் நீளமும் காப்பாற்றுகின்றன. கோட்டு பின்பக்கத்தை முழுதாக மூட வேண்டும், கைப்பகுதியில் சட்டை நுனி கொஞ்சமாக எட்டிப் பார்க்க வேண்டும். சிவப்புப் பூவுக்கும் இதில் பங்கு உண்டு. பூ செருகியவன் விருந்தாளி. லேப்பலில் நிஜமான துளை இருக்க வேண்டும், பூ அதற்குள் போய் நிற்க வேண்டும், ஊசியால் மேலே குத்தி வைக்கக் கூடாது. மார்புப் பையில் கைக்குட்டை வைத்தால் அது வெள்ளையாக இருக்கட்டும். பூவுக்குப் போட்டியாக அங்கேயும் சிவப்பு வேண்டாம்.

பாண்டாக நடித்த மற்ற நடிகர்களான லேசன்பி, டால்டன், பிராஸ்னன் மூவரும் அந்த வேடத்தில் வெள்ளை டின்னர் ஜாக்கெட் போட்டதே இல்லை. அவர்கள் படங்களிலும் வெயில் ஊர்கள் வந்தன. 1985-க்குப் பிறகு முப்பது வருடம் கழித்து, 2015-இன் ‘ஸ்பெக்டர்’ படத்தில்தான் டேனியல் கிரெய்க் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இடம் மறுபடி மொராக்கோ. பாலைவனத்தின் நடுவே போகிற ரயில். சாப்பாட்டுப் பெட்டியில் மாலை விருந்து, கிரெய்க் தந்த நிற ஜாக்கெட்டில், மார்பில் ஒரு சிவப்பு கார்னேஷன். 1964-க்கு வைத்த வணக்கம் அது. ஆனால் இந்தமுறை பாண்ட் சுத்தமாகத் தப்பிப்பதில்லை. ராட்சத உடம்போடு வில்லனின் அடியாள் ஹிங்க்ஸ் வந்து மேசையைப் புரட்டிப் போடுகிறான். சண்டை பெட்டி பெட்டியாகச் சமையலறை வரைக்கும் போகிறது. பாண்ட் சுவரில் மோதுகிறான், தூக்கி எறியப்படுகிறான். கறுப்புக் கோட்டாக இருந்தால் அந்த அடியில் பாதி நமக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. வெள்ளையில் ஒவ்வொரு அடியும் தெரிகிறது. கானரிக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று காட்டின அதே உடை, கிரெய்க் வாங்கிய அடியை ஒன்று விடாமல் காட்டுகிறது. அடுத்த முறை அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டு, கோட்டை மட்டும் பாருங்கள்.